செயின் தொய்ந்தால் இறுக்குவதற்கு முன் ஏன் தொய்ந்தது என்று பாருங்கள்

மரம் அறுக்கும் செயின்சா வைத்திருப்பவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி, செயினை எவ்வளவு இறுக்கமாக வைக்க வேண்டும் என்பதுதான். அதற்கு இரண்டு வரியில் பதில் சொல்லிவிடலாம், கீழே சொல்கிறேன். ஆனால் இப்படிக் கேட்பவர்களின் மெஷினை வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் சிக்கல் இறுக்கத்தில் இருக்காது. பாருக்கு, அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டுக்கு, எண்ணெய் வந்திருக்காது, பல் மழுங்கியிருக்கும், பாரின் விளிம்பில் பிசிறு ஏறியிருக்கும், இல்லையென்றால் கவருக்குள் யாரும் எட்டிப் பார்க்காத, செயினை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கும். அதனால் செயின் சூடாகும், சூடானதும் தொய்யும், தொய்ந்ததும் இறுக்குவார்கள், இறுக்கியதும் உராய்வு கூடி இன்னும் சூடாகும். இந்தச் சுற்று போய்க்கொண்டே இருந்தால் ஒரே சீசனில் செயின், பார், ஸ்ப்ராக்கெட் மூன்றும் சேர்ந்து போய்விடும். மூன்றும் ஒன்றோடொன்று உரசி ஒன்றாகத் தேய்கிறவை, ஒன்றை மட்டும் தனியாகப் பார்த்துச் சரிசெய்ய முடியாது. இந்தப் பதிவு முழுக்க இதைப் பற்றித்தான்.

கை வைப்பதற்கு முன் ஒரு விஷயம். பெட்ரோல் மெஷின் என்றால் அணைத்துவிட்டு ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றி விடுங்கள். ஒயர் வைத்தது என்றால் பிளக்கைப் பிடுங்குங்கள். பேட்டரியில் ஓடுவது என்றால் பேட்டரியை வெளியே எடுத்துத் தள்ளி வையுங்கள். பேட்டரி மெஷினில் இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு, அது சத்தமே போடாமல் தயாராக உட்கார்ந்திருக்கும், அணைந்திருக்கிறதா இல்லையா என்று காதுக்குத் தெரியாது. கையுறை போடுங்கள். ஓடாத செயினும் கையைக் கிழிக்கும், கையால் இழுத்துப் பார்க்கும்போதுதான் பலருக்கு விரல் வெட்டுப்படுகிறது. வேலையை நிறுத்திய கையோடு பிரித்தால் சைலன்சர் பக்கம் கை போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது ஆற நேரமாகும்.

சரி, புதுச் செயின் வாங்குவதிலிருந்து ஆரம்பிக்கலாம். கடையில் "இத்தனை அங்குல பாருக்குச் செயின் கொடுங்கள்" என்று கேட்டால் போதாது. மூன்று எண்கள் பொருந்த வேண்டும், பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க்கின் எண்ணிக்கை. பிட்ச் என்பது அடுத்தடுத்து இருக்கும் மூன்று ரிவெட்டுகளில் முதலாவதின் மையத்திலிருந்து மூன்றாவதின் மையம் வரை அளந்து இரண்டால் வகுத்தால் வருவது. ஏன் பக்கத்துப் பக்கத்து ரிவெட்டை அளக்காமல் மூன்றை அளக்கிறோம் என்றால், இடைவெளி ஒன்று விட்டு ஒன்று வேறுபடும், அதனால்தான் சராசரி எடுக்கிறோம். வழக்கமாக வருபவை 3/8 அங்குலம், 0.325 அங்குலம், பெரிய மெஷின்களில் 0.404 அங்குலம், சின்னக் கிளை வெட்டும் மெஷின்களில் 1/4 அங்குலம். இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. சாதாரண 3/8, லோ புரொஃபைல் 3/8 என்று இரண்டு உண்டு. பெயரில் ஒரே எண் வந்தாலும் செயினின் உயரமும் அதற்கான ஸ்ப்ராக்கெட்டும் வேறு வேறு, மாற்றிப் போடக் கூடாது.

கேஜ் என்பது செயினின் அடியில் இறங்கி நிற்கும் டிரைவ் லிங்க்கின் தடிமன், அதாவது பாரைச் சுற்றி ஓடும் காடிக்குள் போகும் பகுதி. 1.1, 1.3, 1.5, 1.6 மி.மீ. என்று வரும். தடித்த செயின் மெல்லிய காடிக்குள் நுழையவே நுழையாது என்பதால் அதில் ஆபத்து இல்லை. மெல்லிய செயின் அகலக் காடிக்குள் தாராளமாக நுழைந்துவிடும், அதுதான் தொல்லை. 1.5 காடியில் 1.3 செயின் போட்டால் ஓடும், வெட்டவும் வெட்டும், ஆனால் செயின் இருபக்கமும் சாய்ந்து சாய்ந்து ஓடிக் காடியின் சுவரைத் தின்றுவிடும், வெட்டும் நேராக வராது. மூன்றாவது எண்ணான டிரைவ் லிங்க்கின் எண்ணிக்கையை, பழைய செயினைத் தரையில் நீட்டி ஒரு லிங்க்கில் சாக்பீஸ் அடையாளம் வைத்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பார்களில் அதன் பின்பக்கம், கவருக்குள் மறையும் இடத்துக்குப் பக்கத்தில், இந்த எண்கள் அச்சடித்தே இருக்கும். எண்ணெயும் தூளும் அப்பியிருப்பதால் நம் கண்ணுக்குப் படுவதில்லை, துடைத்தால் தெரியும்.

கவரைக் கழற்றும் முன் செயின் பிரேக்கை விடுவித்து விடுங்கள், அதாவது முன்பக்கக் கைக்காப்பைக் கைப்பிடியை நோக்கி இழுத்து விடுங்கள். சில மெஷின்களில் பிரேக்கின் பட்டை கவருக்குள்ளேயே இருக்கும். பிரேக் பிடித்த நிலையில் கவரைக் கழற்றிவிட்டால் பட்டை சுருங்கி நின்றுவிடும், திரும்ப மாட்டும்போது கிளட்ச் டிரம் மேல் உட்காராது. அப்புறம் கவர் ஏன் போக மாட்டேன் என்கிறது என்று சுத்தியலைத் தேடுவார்கள். சுத்தியல் வேண்டாம், பட்டையை விடுவித்தால் போதும்.

கவர் வந்ததும் உள்ளே கறுப்பாக, பசையாக ஒரு கலவை அப்பியிருக்கும், மரத்தூளும் எண்ணெயும் சேர்ந்தது. இதை முழுக்கச் சுரண்டி எடுத்த பிறகுதான் மற்ற வேலை. எண்ணெய் வெளியே வரும் சின்னத் துளை இந்தப் பசைக்கு அடியில்தான் இருக்கும். அதற்கு நேராகப் பாரிலும் ஒரு துளை உண்டு, அந்தத் துளை வழியாகத்தான் எண்ணெய் காடிக்குள் போகிறது. இரண்டையும் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். காடிக்குள் காய்ந்து இறுகிய தூளை மெல்லிய தகடு ஒன்றை வைத்து இழுத்தால் நீளமாகப் பெயர்ந்து வரும். காடி முழு நீளத்துக்கும் சுத்தமானால் எண்ணெய் நுனி வரை போகும், இல்லையென்றால் பாதியிலேயே நின்றுவிடும்.

இப்போது பாரைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள், யாரும் பார்க்காத இடம் இதுதான். கையுறையோடு விரலை விளிம்பின் மேல் மெதுவாக ஓட்டினால் வெளிப்பக்கமாக ஒரு மெல்லிய பிசிறு தட்டுப்படும். செயின் அழுத்தி ஓடி ஓடி விளிம்பின் இரும்பு நசுங்கி வெளியே வழிந்து நிற்பதுதான் அது. கத்தி போல் வெட்டும், வெறும் கையை வைக்காதீர்கள். தட்டை அரத்தைப் பாரின் பக்கத்தோடு ஒட்டிப் பிடித்து இழுத்தால் அந்தப் பிசிறு சுருண்டு விழும். அடுத்து இரண்டு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சமமான மேஜை மேல் பாரை விளிம்பில் நிற்க வைத்தால் ஒரு பக்கம் சாய்ந்தால் அந்தப் பக்கம் அதிகம் தேய்ந்திருக்கிறது. கொஞ்சம் வித்தியாசம் என்றால் தட்டை அரத்தைப் பாருக்குக் குறுக்காக, செங்குத்தாகப் பிடித்து இரண்டையும் சமப்படுத்தலாம். ஒரு நேரான அளவுகோலைப் பாரின் பக்கத்தோடும் அதே நேரத்தில் ஒரு பல்லின் பக்கத்தோடும் ஒட்டி வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிந்துவிடும். அளவுகோலுக்கும் பாருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் காடி நன்றாக இருக்கிறது. இடைவெளி இல்லாமல் செயின் சாய்ந்து அளவுகோல் பாரோடு ஒட்டிக்கொண்டால் காடி விரிந்துவிட்டது. டிரைவ் லிங்க்கின் கீழ்முனை காடியின் அடியைத் தொட்டுக்கொண்டு ஓடினாலும் பார் முடிந்தது என்று அர்த்தம், காடி ஆழம் போய்விட்டது. விளிம்பில் ஆங்காங்கே நீலம் பாய்ந்திருந்தால் அந்த இடம் எண்ணெயில்லாமல் சூடேறிய இடம். அந்த நீலம் ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் எண்ணெயைப் பற்றி யோசியுங்கள், நுனிக்குப் பக்கத்தில் மட்டும் இருந்தால் பாரின் நுனியில் இருக்கும் சின்னச் சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள்.

பாரைத் திருப்பிப் போடுவதை மறந்துவிடாதீர்கள். அறுக்கும்போது பெரும்பாலும் கீழ்விளிம்புதான் பாரம் தாங்குகிறது. அதனால் செயின் மாற்றும்போதோ, கூர் தீட்டும்போதோ மேலது கீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு விளிம்பும் ஒரே மாதிரி தேயும். செலவே இல்லாத வேலை, பாரின் ஆயுளைக் கூட்டுவதில் இதற்கு இணையாக நான் எதையும் சொல்ல மாட்டேன். பாரில் எழுதியிருக்கும் கம்பெனிப் பெயர் தலைகீழாகத் தெரிகிறதே என்று தயங்குபவர்கள் இருக்கிறார்கள், தயங்க வேண்டாம்.

ஸ்ப்ராக்கெட்டுக்கு வருவோம். செயின் பதியும் இடத்தில் தேய்மானத் தடம் 0.5 மி.மீ. ஆழத்தைத் தாண்டிவிட்டால் மாற்றிவிட வேண்டும் என்பது பரவலாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. தேய்ந்த ஸ்ப்ராக்கெட்டில் பற்களின் இடைவெளி செயினின் பிட்ச்சோடு ஒத்துப்போகாது. புதுச் செயினைக் கொண்டுபோய் அதில் மாட்டினால் டிரைவ் லிங்க்கின் அடியைச் சுரண்டிச் சுரண்டிச் செயினையும் தன் அளவுக்குக் கெடுத்துவிடும். "புதுச் செயின் போட்டும் தொய்ந்துகொண்டே இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் நான் முதலில் கேட்பது ஸ்ப்ராக்கெட் எப்போது மாற்றினீர்கள் என்றுதான்.

மாட்டும் முறை எளிது. இறுக்கும் ஸ்க்ரூவைப் பின்னால் திருப்பி பார் நன்றாக மெஷின் பக்கம் நகர்ந்து வரும்படி செய்துகொள்ளுங்கள். செயினை முதலில் ஸ்ப்ராக்கெட்டில் போட்டு, பாரின் மேல்காடியில் அமர்த்தி, நுனியைச் சுற்றிக் கீழே கொண்டுவாருங்கள். பாரின் மேல்பக்கம் ஓடும் பற்களின் வெட்டும் முனை நுனியை நோக்கிப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் மெஷின் அலறும், புகை வரும், மரம் அறுபடாது. அறுக்கவே மாட்டேன் என்கிறது என்று கொண்டுவரும் மெஷின்களில் இதுவும் ஒரு காரணமாக வரும், அதனால் ஒரு தடவை கண்ணால் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். இறுக்கும் ஸ்க்ரூவோடு நகரும் சின்ன முளை பாரில் உள்ள துளைக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகு கவரை மாட்டி, நட்டுகளை விரலால் மட்டும் திருகி விடுங்கள்.

இனி இறுக்கம். பாரின் நுனியைக் கையால் மேலே தூக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள், இறுக்கி முடிக்கும் வரை விடக் கூடாது. ஸ்க்ரூவைத் திருகத் திருகக் கீழ்ப்பக்கம் தொங்கும் செயின் மேலே ஏறிவரும், அது பாரின் கீழ்விளிம்பை முழு நீளத்துக்கும் தொட்டுக்கொண்டு நின்றதும் நிறுத்துங்கள். நுனியைத் தூக்கிப் பிடித்த நிலையிலேயே ஸ்பேனரால் நட்டுகளை முடுக்குங்கள். நுனியைத் தூக்காமல் இறுக்கினால் பாருக்கும் போல்ட்டுக்கும் இடையே இருக்கும் சின்ன இடைவெளி அப்படியே இருந்துவிடும், மரத்தில் வைத்து அழுத்தியதும் பார் மேலே நகர்ந்து செயின் உடனே தொய்யும். முடுக்கிய பிறகு கையுறையோடு செயினைப் பிடித்துப் பாரைச் சுற்றி இழுத்துப் பாருங்கள், சுலபமாக நகர வேண்டும். பாரின் நடுவில் செயினைப் பிடித்து வெளியே இழுத்தால் கொஞ்சம் விலகி வரலாம், ஆனால் டிரைவ் லிங்க் காடியைவிட்டு முழுக்க வெளியே வந்துவிடக் கூடாது, விட்டதும் பட்டென்று பழைய இடத்துக்குப் போய்விட வேண்டும். இரண்டு வரி என்று சொன்னது இதுதான்.

புதுச் செயின் முதலில் அடிக்கடி தொய்யும், பயப்பட வேண்டாம். இரும்பு ரப்பர் மாதிரி நீள்வதில்லை, ஒவ்வொரு ரிவெட்டும் அதன் துளையும் தேய்ந்து படிகின்றன. அப்படி நிறைய இணைப்புகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் இடம் விட்டால் மொத்தத்தில் கணிசமாகக் கூடும். அதனால் புதுச் செயினைப் போட்டதும் மரத்தில் வைக்காமல் சிறிது நேரம் பாதி வேகத்தில் ஓட்டி, அணைத்து, ஆறவிட்டு, மறுபடி இறுக்கம் பாருங்கள். முதல் நாள் இதைச் சில தடவை செய்ய வேண்டியிருக்கும். மாட்டுவதற்கு முன் செயினை எண்ணெயில் ஊறவைப்பதும் நல்லது, ரிவெட்டுகளுக்குள் எண்ணெய் போய் உட்காரும்.

சூட்டுக்கு வருவோம், ஏனென்றால் முக்கியமான தவறு இங்கேதான் நடக்கிறது. 3/8 பிட்ச்சில் 72 டிரைவ் லிங்க் உள்ள செயினின் மொத்த நீளம் கிட்டத்தட்ட 1.37 மீட்டர். இரும்பு ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்கு சுமார் 0.012 மி.மீ. விரியும். செயின் 60 டிகிரி சூடேறினால் 1 மி.மீ. நீளும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அரை மீட்டர் நீளத்துக்கு அந்த 1 மி.மீ. முழுவதும் கீழ்ப்பக்கத் தொய்வாக வந்தால், நடுவில் தொங்குவது 1 செ.மீ.க்கு மேல் இருக்கும், வளைவின் கணக்கு அப்படி. பாரும் கூடவே கொஞ்சம் சூடாகி விரியும் என்பதால் நடைமுறையில் இதைவிடக் குறைவாகத் தெரியும், ஆனாலும் சூட்டில் செயின் தொங்குவது ஏன் அவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதற்கு இதுதான் விளக்கம்.

இதையே திருப்பிப் பாருங்கள். சூட்டில் தொங்குகிறது என்று இறுக்கிவிட்டு அப்படியே வைத்துவிட்டுப் போனால், ஆறும்போது அந்த 1 மி.மீ. திரும்பச் சுருங்கும். செயினுக்கு இடம் இல்லை, அதனால் ஒரு பக்கம் பாரின் நுனிச் சக்கரத்தையும் மறுபக்கம் கிளட்ச் இருக்கும் கிராங்க் ஷாஃப்டையும் ஒன்றை நோக்கி ஒன்று இழுக்கும். பேரிங்குகள் அந்த இழுப்பில் ராத்திரி முழுக்க நிற்கும். எனவே சூட்டில் இறுக்க வேண்டி வந்தால் இறுக்குங்கள், வேலை முடிந்ததும் அதைத் தளர்த்திவிட்டுத்தான் மெஷினைக் கீழே வைக்க வேண்டும். என் பழக்கம், செயின் தொங்கினால் முதலில் நிறுத்தி ஆறவிடுவது. ஆறியதும் சரியான இடத்துக்குத் திரும்பிவிட்டால் அதில் கை வைக்கத் தேவையில்லை, சூடு எங்கிருந்து வந்தது என்றுதான் தேட வேண்டும்.

எங்கிருந்து வரும்? முதல் சந்தேகம் எண்ணெய் மேல். செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது, நுனியில் திரும்பும்போது எண்ணெய் விசிறி அடிக்கப்படும். செயின் எண்ணெயில் பிசுபிசுப்பு சேர்த்திருப்பது இந்த விசிறலைத் தாங்கத்தான். வண்டியிலிருந்து வடித்த பழைய இன்ஜின் ஆயிலை ஊற்றுபவர்கள் நிறையப் பேர். அதில் உலோகத் துகளும் கரியும் கலந்திருக்கிறது, பம்ப்பை அடைக்கும், பாரைத் தேய்க்கும், அது மட்டுமில்லாமல் அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய பொருட்கள் இருக்கின்றன, அது மெல்லிய திவலையாக உங்கள் கையிலும் மூக்கிலும்தான் போய்ச் சேரும். தயவுசெய்து ஊற்றாதீர்கள். எண்ணெய் வருகிறதா என்று பார்க்க, வெளிறிய ஒரு அட்டைக்கோ வெட்டிய மரத்தின் வெள்ளை முகத்துக்கோ நேராக, தொடாமல் ஒரு சாண் தள்ளி நுனியைக் காட்டி ரேஸ் கொடுங்கள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய்க் கோடு ஒன்று தெளிவாக விழ வேண்டும். விழவில்லை என்றால் அன்றைக்கு அறுப்பது அத்தோடு சரி, துளையைச் சுத்தம் செய்யுங்கள். பெட்ரோல் மெஷின்களில் பெட்ரோல் தீரும்போது எண்ணெய்த் தொட்டியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படிதான் அமைத்திருப்பார்கள். பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் எண்ணெயையும் நிரப்பிவிடுங்கள். எண்ணெய்த் தொட்டி அப்படியே நிறைந்து கிடந்தால் சந்தோஷப்படாதீர்கள், அது எங்கேயோ அடைப்பு என்று சொல்கிறது.

இரண்டாவது சந்தேகம் மழுங்கிய பல். அறுக்கும்போது வெளியே விழுவதைப் பாருங்கள். கூரான செயின் சீவல் சீவலாகத் தள்ளும், மழுங்கினால் மாவு மாதிரி தூள் வரும். மெஷினின் எடையிலேயே அது மரத்துக்குள் இறங்க வேண்டும். நாம் மேலே சாய்ந்து அழுத்தவேண்டி வந்தால் பல் மழுங்கிவிட்டது, அந்த அழுத்தம் முழுக்கச் சூடாக மாறிச் செயினுக்குப் போகிறது. மண்ணிலோ கல்லிலோ ஒரு நொடி பட்டாலே போதும், முனை போய்விடும்.

இந்தப் பல்லின் வடிவத்துக்கு ஒரு கதை இருக்கிறது, எனக்கு ரொம்பப் பிடித்தது. முன்பெல்லாம் செயின்சாவின் பற்கள் கைரம்பத்தின் பற்கள் மாதிரியே இருந்தன, மரத்தைச் சுரண்டி எடுக்கும், அடிக்கடி அரம் போட வேண்டும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ் என்பவர் 1946இல் ஒரு மரக்கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டின் புழுவைக் கவனித்தார். அது தாடையை இடதும் வலதுமாக அசைத்து, மரத்தின் நாரோடும் நாருக்குக் குறுக்கேயும் சளைக்காமல் குடைந்துகொண்டு போனது. அதைப் பார்த்து இடது பல், வலது பல் என்று மாறி மாறி வரும் செயினை அவர் உருவாக்கினார், 1947இல் அது விற்பனைக்கு வந்தது. இன்று நம் கையில் இருக்கும் செயின் அடிப்படையில் அதே வடிவம்தான். நீங்கள் அரத்தை வைப்பது அந்தப் புழுவின் தாடை மேல்தான், இடது வலது இரண்டும் ஒரே நீளத்தில் இருக்க வேண்டும் என்பது அதனால் இன்னும் நன்றாக விளங்குகிறது.

பல் மழுங்கிவிட்டதா என்று அறிய, வெயிலுக்கோ விளக்குக்கோ நேராக முனையைத் திருப்பிப் பாருங்கள். கூரான முனை வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, அந்தக் கோடு கண்ணுக்கே தெரியாது. மழுங்கிய முனையில் மெல்லிய வெள்ளைக் கோடு மின்னும். அந்த மின்னல் மறையும் வரை அரம் போட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. உருட்டு அரத்தின் அளவு பிட்ச்சைப் பொறுத்தது. 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ., 0.325க்கு 4.8 மி.மீ., சாதாரண 3/8க்குச் செயினைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. அரத்தின் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தகட்டுக்கு வெளியே தெரியும்படி பிடித்து, பல்லின் உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள், திரும்ப இழுக்கும்போது தூக்கிவிடுங்கள். கோணம் பெரும்பாலும் 30 டிகிரி, சிலவற்றில் 25 அல்லது 35, பல்லின் மேல் சின்னக் கோடாகவே குறித்திருப்பார்கள். இருப்பதிலேயே குட்டையான பல்லைத் தேடி மற்ற எல்லாவற்றையும் அதன் நீளத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு பக்கம் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் இருந்தால் அறுப்பு வளைந்துகொண்டு போகும். பற்கள் சமமாக இருந்தும் வளைகிறது என்றால் மேலே சொன்ன பாரின் விளிம்புக்குத் திரும்பிப் போங்கள்.

ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் திமில் போல ஒரு மேடு இருக்கும், ரேக்கர் என்பார்கள். பல் மரத்துக்குள் எவ்வளவு ஆழம் கடிக்க வேண்டும் என்பதை அதுதான் தீர்மானிக்கிறது. அரம் போடப் போடப் பல் தேய்ந்து தாழும், ரேக்கர் அதே உயரத்தில் நிற்கும், கடைசியில் பல் கூராக இருந்தும் மரத்தைத் தொடாது. எனவே சில தடவை அரம் போட்ட பிறகு ரேக்கரையும் தட்டை அரத்தால் தாழ்த்த வேண்டும், பல்லின் முனைக்குக் கீழே 0.65 மி.மீ. என்பது பொதுவாகப் பயன்படும் அளவு. இதற்கென்றே சின்னத் தகட்டு அளவுகோல் விற்கிறார்கள், அதை வைத்துத்தான் செய்யுங்கள், கண் மதிப்பில் செய்யாதீர்கள். வேகமாக வெட்டட்டும் என்று ரேக்கரை அதிகம் தாழ்த்தினால் பல் ஆழமாகக் கடித்துச் செயின் வெடுக்கென்று மாட்டும், கிக்பேக் வர வாய்ப்பு கூடும். தாழ்த்திய பிறகு ரேக்கரின் முன்முனையைப் பழையபடி வளைவாக்கிவிடுங்கள்.

கிக்பேக் என்று சொல்லிவிட்டதால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன். பாரின் நுனியில் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் மெஷின் உங்கள் முகத்தை நோக்கி எகிறும், கண் சிமிட்டும் நேரத்தில் நடந்துவிடும். செயின் பிரேக் இதற்காகத்தான் இருக்கிறது, வேலை ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு நாளும் அது பிடிக்கிறதா என்று சோதியுங்கள். அதேபோல் தொய்ந்த செயின் பாரைவிட்டுக் கழன்றால் அதைப் பிடிக்க மெஷினின் அடியில் செயின் கேட்சர் என்று ஒரு சின்ன முளை இருக்கும். உடைந்திருந்தால் மாற்றாமல் ஓட்டாதீர்கள், அடுத்து செயின் போய் அடிப்பது உங்கள் வலது கையை. ரேஸ் கொடுக்காத நிலையில், ஐடிலிங்கில், செயின் சுற்றக் கூடாது. சுற்றினால் ஐடிலிங்கைக் குறையுங்கள், அப்போதும் சுற்றினால் கிளட்ச் ஸ்ப்ரிங்கைப் பார்க்க வேண்டும்.

செயின் ஒருமுறை பாரைவிட்டுக் கழன்றுவிட்டால் அப்படியே எடுத்து மாட்டிவிட வேண்டாம். ஸ்ப்ராக்கெட் உரசியதில் டிரைவ் லிங்க்குகளின் பக்கத்தில் பிசிறு எழும்பியிருக்கும், அந்த லிங்க்குகள் காடிக்குள் இறங்காமல் மேலேயே நின்று மறுபடி கழற்றிவிடும். ஒவ்வொரு லிங்க்கையும் விரலால் தடவி, பிசிறு இருப்பவற்றைத் தட்டை அரத்தால் நீவி எடுங்கள். ரிவெட்டு ஆடினாலோ, தகட்டில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, பல் பின்பக்கக் குறிக்கோடு வரை தேய்ந்திருந்தாலோ, அந்தச் செயினைக் கழித்துவிடுங்கள். அறுந்த செயினின் துண்டு எவ்வளவு வேகத்தில் பறக்கும் என்பதை மேலே சொன்ன 20 மீட்டரை வைத்து நீங்களே யோசித்துக்கொள்ளலாம். ஓடும் செயினின் நேர்கோட்டில் யாரையும் நிற்க விடாதீர்கள்.

இனி செலவு. ஒரே செயினை அது சாகும் வரை ஓட்டிவிட்டுப் புதிது வாங்குவதைவிட, இரண்டு செயின்களை ஒன்றாக வாங்கி மாற்றி மாற்றி ஓட்டுவதுதான் என் வழி. இரண்டும் ஸ்ப்ராக்கெட்டோடு சேர்ந்து ஒரே அளவில் தேயும், ஒன்று மழுங்கினால் வேலையிடத்தில் அவசரமாக அரம் போடாமல் மற்றதை மாட்டிக்கொள்ளலாம். இரண்டும் முடியும்போது ஸ்ப்ராக்கெட்டும் முடிந்திருக்கும், மூன்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். பாரைத் தவறாமல் திருப்பிப் போட்டுவந்திருந்தால் அது அடுத்த இரண்டு செயின்களையும் தாங்கக்கூடும், விளிம்பை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள்.